பிழையை எழுதி வைக்கும் துணிவு

நம் குடும்பங்கள் பலவற்றில் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் மகனோ, மகளோ, மருமகனோ இருக்கின்றார்கள். காலையில் கிளம்பி இரவில் திரும்பும் அப்பிள்ளைகள் அங்கே என்ன வேலை செய்கிறார்கள் என்பது பெற்றோர் பலருக்கு விளங்குவதில்லை. பிள்ளைகள் சேரும் நிறுவனம் 'முதிர்ச்சி நிலை ஐந்து' பெற்றது என்று கேட்டால் மனம் மகிழ்கிறது. அதன் பொருள் என்ன என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. அந்த நிலைகளை நோக்கி நிறுவனங்களை நடத்திச் செல்லும் செயல்முறைத் தரப் பிரிவில் சென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில், அதைப் பற்றி நம் வீட்டாருக்கு விளங்கும் வகையில் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். எழுதத் தூண்டும் வேறொரு காரணமும் உண்டு. அந்தச் சான்றிதழின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைப் பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

முதலில் வரலாறு. 1980களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு பெரும் சிக்கலைச் சந்தித்தது. அது ஒப்பந்தம் கொடுத்து வாங்கிய மென்பொருள்கள் காலம் கடந்து வந்தன. செலவு மதிப்பீட்டைத் தாண்டியது. வந்த பின்னும் பிழைகள் மலிந்திருந்தன. இதற்குத் தீர்வு காண, பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1984 இல் மென்பொருள் பொறியியல் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. ஐபிஎம் நிறுவனத்தில் 27 ஆண்டுகள் பணியாற்றிய வாட்ஸ் ஹம்ஃப்ரி 1986 இல் அங்கு வந்து சேர்ந்தார். தர மேலாண்மை அறிஞர் ஃபிலிப் கிராஸ்பி 1979 இல் வெளியிட்ட நூலில், ஒரு நிறுவனம் தரத்தில் ஐந்து படிகளாக முதிர்வதைக் காட்டும் அட்டவணை ஒன்று இருந்தது. அந்த எண்ணத்தை மென்பொருளுக்கு ஏற்ப ஹம்ஃப்ரி விரித்தெடுத்தார். 1991 இல் 'திறன் முதிர்ச்சி மாதிரி' என்ற பெயரில் அதன் முதல் பதிப்பும், 1993 இல் திருத்திய பதிப்பும் வெளிவந்தன. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதனைச் சிஎம்எம் என்பர். இன்று வழக்கில் உள்ள சிஎம்எம்ஐ அதன் வாரிசு.

ஐந்து நிலைகள் எவை? நமக்குப் பழக்கமான வலீமா விருந்தைக் கொண்டே சொல்கிறேன். ஐந்நூறு பேருக்கான சமையல். முதல் நிலையில் எல்லாம் பண்டாரியின் கைவண்ணம். அவர் நலமாக இருந்தால் விருந்து சிறக்கும். அன்று அவருக்குக் காய்ச்சல் என்றால் வீட்டார் பாடு திண்டாட்டம். இரண்டாம் நிலையில் ஒவ்வொரு விருந்துக்கும் ஆள் கணக்கு, சாமான் பட்டியல், நேரக் குறிப்பு ஆகியவை இருக்கும். போன விருந்தில் சரியாக வந்ததை இந்த விருந்திலும் செய்ய முடியும். மூன்றாம் நிலையில், அந்தப் பண்டாரியிடம் உள்ள நான்கு குழுக்களும் ஒரே அளவையும் ஒரே முறையையும் கைக்கொள்ளும். புதிதாக வருபவருக்கு அது கற்பிக்கப்படும். நான்காம் நிலையில் அளவீடு வருகிறது. அரிசி ஊறும் நேரம், தம் போடும் நேரம், மிச்சமாகும் சோறு எல்லாம் குறிக்கப்பட்டு, வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்கும் என்பது தெரிந்திருக்கும். ஐந்தாம் நிலையில், அந்தக் குறிப்புகளைக் கொண்டு காரணங்களைக் கண்டறிந்து முறையையே மாற்றிக்கொண்டிருப்பார்கள். சோறு அடிப்பிடித்தால், அடுத்த விருந்திலும் பிடிக்காதிருக்க என்ன செய்வது என்பதே அங்கு எழும் கேள்வி.

நான்காம், ஐந்தாம் நிலைகளையே 'உயர் முதிர்ச்சி' என்று எங்கள் துறையில் வழங்குவர். 1993 ஆம் ஆண்டுப் பதிப்பில் கவனிக்க வேண்டிய செயல்முறைப் பகுதிகள் 18 இருந்தன. அவற்றில் நான்காம் நிலைக்கு உரியவை இரண்டு. ஐந்தாம் நிலைக்கு உரியவை மூன்று. எண்ணிக்கையில் குறைவானாலும் அவை ஐந்தும் கடினமானவை. ஏனெனில் அவை முழுவதும் ஊழியர் எழுதித் தரும் எண்களின் மீது நிற்பவை.

இந்த எண்கள் எப்படிப் பயன்படுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 1924 இல் அமெரிக்கத் தொலைபேசித் துறையில் பணிபுரிந்த வால்டர் ஷூஹார்ட் 'கட்டுப்பாட்டு வரைபடம்' என்ற கருவியை வகுத்தார். எந்த வேலையிலும் முடிவு ஒவ்வொரு முறையும் சற்று ஏறும், சற்று இறங்கும். அது இயல்பு. அந்த இயல்பான ஏற்ற இறக்கத்திற்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் கணக்கிட்டு வரைந்துகொண்டால், எல்லையைத் தாண்டும் புள்ளி எது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். மென்பொருளில் இதன் பயன் இப்படி. ஒருவர் எழுதிய நிரலைச் சக ஊழியர்கள் வரிவரியாக வாசித்துப் பிழை கண்டுபிடிக்கும் மறுஆய்வு ஒன்று உண்டு. ஐபிஎம்மில் மைக்கேல் ஃபேகன் இதனை ஒழுங்குபடுத்தி 1976 இல் கட்டுரையாக வெளியிட்டார். ஒரு குழு ஆயிரம் வரிக்குச் சராசரியாகப் பன்னிரண்டு பிழைகளைக் கண்டுபிடிக்கிறது, வழக்கமான எல்லை ஆறு முதல் பதினெட்டு வரை என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் இருபத்தைந்து வந்தால் ஏதோ நேர்ந்திருக்கிறது என்று விசாரிக்கிறோம். இரண்டு மட்டும் வந்தாலும் அதே அக்கறையுடன் விசாரிக்க வேண்டும். நிரல் உண்மையிலேயே மிக நன்றாக இருந்திருக்கலாம். அல்லது வாசித்தவர்கள் கவனமின்றி வாசித்திருக்கலாம். அல்லது கண்டதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

இம்முறை உண்மையாகக் கைக்கொள்ளப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க விண்வெளி ஓடத்தின் மென்பொருள் சான்று. ஹூஸ்டன் நகரில் ஐபிஎம் குழு ஒன்று அதனை எழுதியது. விண்கலத்தில் மனிதர் அமர்ந்திருக்கும்போது பிழைக்கு இடமில்லை. 1989 இல் அக்குழு ஐந்தாம் நிலையில் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டால் அவர்கள் நான்கு வேலைகளைச் செய்தார்கள். முதலாவது, பிழையைத் திருத்துவது. இரண்டாவது, பிழை பிறக்க இடம் கொடுத்த மூலகாரணத்தை அகற்றுவது. மூன்றாவது, முன்னிருந்த சோதனைகள் இதனைப் பிடிக்காமல் எப்படித் தப்பவிட்டன என்று பார்த்து அந்த ஓட்டையை அடைப்பது. நான்காவது, இதே போன்ற பிழை வேறெங்கும் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது. யார் செய்தார் என்று கண்டுபிடித்துத் தண்டிப்பது இந்த நான்கில் எதிலும் இல்லை.

இந்தியா இந்த மாதிரியை ஆர்வத்துடன் ஏற்றுக்கொண்டது. 1990களில் பெங்களூரில் இருந்த மோட்டோரோலாவின் மென்பொருள் பிரிவு ஐந்தாம் நிலையை எட்டியது. 1998 இல் விப்ரோ எட்டியது. அதன்பின் பல நிறுவனங்கள் அவ்வழியில் சென்றன. ஹம்ஃப்ரியின் பெயரால் சென்னையில் 2000 ஆம் ஆண்டில் ஒரு மென்பொருள் தர நிறுவனமே அமைந்தது. இந்த ஆர்வத்திற்குத் தகுந்த காரணம் இருந்தது. கடல் கடந்து இருக்கும் ஒரு வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ, முன்பின் அறியாத ஓர் ஊரில் உள்ள நம் பிள்ளைகளிடம் தன் வேலையை ஒப்படைக்க வேண்டும். அது ஓர் அமானிதம். அதை நம்பிக் கொடுக்க அவர்களுக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. நிலை ஐந்து என்ற சொல் அந்த அடையாளமாக அமைந்தது.

ஆனால் அடையாளமே இலக்காகிவிட்டால் என்ன நேரும் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

நான் பணியாற்றிய நிறுவனம் ஒன்று, ஒரு பெரிய வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தைப் பெறுவதற்காக, குறித்த மாதத்திற்குள் ஐந்தாம் நிலை பெற்றாக வேண்டும் என்று முடிவு செய்தது. ஒவ்வொரு குழுவும் மறுஆய்வுப் பதிவேட்டை ஒழுங்காக நிரப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. வெளிநாட்டு ஆயுள் காப்பீட்டு மென்பொருளைக் கவனித்த ஒரு குழுவில் பணிக்கு வந்து ஓராண்டே ஆன இளம்பெண் ஒருவர் இருந்தார். தான் எழுதிய நிரலில் பிறர் கண்ட பிழை, பிறர் நிரலில் தான் கண்ட பிழை, சந்தேகமாகத் தோன்றிய கேள்வி என அனைத்தையும் ஒன்று விடாமல் பதிந்தவர் அவர். ஆண்டிறுதி மதிப்பீட்டுக் கூட்டத்தில் மேலாளர் அந்தப் பதிவேட்டைத் திறந்து, யார் பெயரில் எத்தனை பிழைகள் என்று வாசித்தார். பட்டியலின் தலையில் அப்பெண்ணின் பெயர் இருந்தது. அவ்வாண்டு அவருக்குச் சம்பள உயர்வு குறைந்தது.

அடுத்த மூன்று மாதங்களில் அக்குழுவின் பதிவேட்டில் பிழைகள் மளமளவென்று குறைந்தன. வரைபடத்தின் புள்ளிகள் கீழ் எல்லைக்கும் கீழே சென்றன. மேலிடத்தில் மகிழ்ச்சி. தரம் உயர்ந்துவிட்டது என்று மின்னஞ்சல்கள் பறந்தன. எங்கள் பிரிவில் நாங்கள் மற்ற எண்களையும் அருகில் வைத்துப் பார்த்தோம். மறுஆய்வுக்குச் செலவான மணி நேரம் குறையவில்லை. அடுத்த கட்டமாகிய சோதனையில் அகப்படும் பிழைகள் கூடியிருந்தன. வாடிக்கையாளர் கண்டு திருப்பி அனுப்பும் பிழைகளும் கூடியிருந்தன. ஊற்றில் நீர் வற்றியிருந்தால் கால்வாயிலும் வற்றியிருக்க வேண்டும் அல்லவா? குறைந்தது எழுத்து மட்டுமே என்று அறிக்கை எழுதிக் கொடுத்தோம். தேதி நெருங்குகிறது, பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது.

பிறகு பார்க்க வேண்டிய நாள் விரைவில் வந்தது. அந்தக் காப்பீட்டுத் திட்டத்தில், ஒருவருக்கு 65 வயது நிறையும் நாளில் மாதாந்தர ஓய்வுத்தொகை தொடங்க வேண்டும். 1944 பிப்ரவரி 29 அன்று பிறந்தவர்களுக்கு 2009 இல் 65 வயது நிறைகிறது. ஆனால் 2009 இல் பிப்ரவரி 29 என்ற நாளே இல்லை. நிரல் அந்த நாளைத் தேடியது; கிடைக்காததால் அம்முதியவர்களின் பதிவுகளைத் தனியாக ஒதுக்கிவிட்டு மற்ற வேலையைத் தொடர்ந்தது. ஒதுக்கப்பட்டதை யாரும் பார்க்கவில்லை. தொகை வராமல் இரண்டு மாதம் காத்திருந்த ஒரு முதியவர் எழுதிய கடிதத்தால்தான் செய்தி வெளிப்பட்டது. அவரைப் போல் இன்னும் சிலர் இருந்தனர்.

காரணம் தேடி ஒவ்வொருவரிடமும் பேசியபோது அந்த இளம்பெண் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "அண்ணா, பிப்ரவரி 29 என்றால் என்ன ஆகும் என்று அன்றைய மறுஆய்விலேயே கேட்டேன். கேள்வியாக இருந்தால் வாயால் சொன்னால் போதும், பதிவேட்டில் ஏற்ற வேண்டாம் என்றார்கள். பிறகு எல்லோருக்கும் மறந்துவிட்டது." எழுத வேண்டாம் என்றவர் அக்குழுத் தலைவர். அவர் கெட்ட மனிதர் அல்லர். தன் குழுப் பிள்ளைகளின் பெயர் அடுத்த கூட்டத்திலும் வாசிக்கப்படக் கூடாது என்று நினைத்தார். அச்சம் தொற்றிக்கொண்டால் இரக்கமும் அதற்கே துணைபோகும் என்பதை அன்று கண்டேன்.

இது எங்கள் துறைக்கு மட்டும் உரிய நோய் அன்று. ஓர் அளவீடு இலக்காக மாறும்போது அது நல்ல அளவீடாக இருக்கும் தன்மையை இழக்கிறது என்ற கருத்து, பிரிட்டனின் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்குகிறது. தர மேலாண்மையின் முன்னோடியான டெமிங், மேலாண்மைக்கு வகுத்த 14 நெறிகளுள் ஒன்றாகப் பணியிடத்திலிருந்து அச்சத்தை விரட்டுவதை வைத்தார். மறுஆய்வுக் கூட்டத்தில் மேலாளர் அமரக் கூடாது, அங்கே கிடைக்கும் எண்களை ஊழியரை எடைபோடப் பயன்படுத்தக் கூடாது என்பதும் எங்கள் துறையின் பழைய மரபு. மரபு அறியாமல் அந்நிறுவனம் தவறவில்லை. அவசரத்தில் அதை ஒதுக்கி வைத்தது.

இதைச் சிந்திக்கும்போதெல்லாம் என் வாப்பாவின் கடை நினைவுக்கு வரும். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பீங்கான், கண்ணாடிச் சாமான் விற்ற கடை அது. பீங்கான் என்றால் உடையும். உடைந்ததற்குப் பையன்களின் கூலியில் பிடித்தம் செய்யும் வழக்கம் அக்காலக் கடைகளில் இருந்தது. அத்தகைய கடைகளில் உடைந்த சில்லுகள் முதலாளிக்குத் தெரியாமல் சாக்கடைக்குப் போகும். வாப்பா பிடித்தம் செய்யவில்லை. பேரேட்டின் கடைசிப் பக்கங்களில் 'சேதாரம்' என்று தலைப்பிட்டு, என்ன உடைந்தது, எங்கே உடைந்தது என்று பையன்களையே எழுதச் சொன்னார். ஓராண்டுக் கணக்கைப் புரட்டியபோது, பாதிக்கு மேற்பட்டவை பரணுக்கு ஏறும் மர ஏணியில் உடைந்தவை என்று தெரிந்தது. தேநீர்க் கோப்பைப் பெட்டிகளைக் கீழ் அறைக்கு மாற்றினார். அதிகம் விற்காத பெரிய தாம்பாளங்களைப் பரணுக்கு ஏற்றினார். அவ்வளவே. அதற்கு மூலகாரண ஆய்வு என்று பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது. உண்மையை எழுதுபவன் நட்டப்படக் கூடாது என்பது தெரிந்திருந்தது.

நிறுவனத்தின் கதைக்கு வருகிறேன். முதியவரின் கடிதம் மேலிடத்தை உலுக்கியது. ஹூஸ்டன் குழுவின் நான்கு வேலைகளையும் நாங்கள் வரிசையாகச் செய்தோம். நிரல் திருத்தப்பட்டது. நாள் கணக்கிடும் பகுதிகளுக்கு என்று மறுஆய்வுப் பட்டியலில் தனிக் கேள்விகள் சேர்ந்தன. ஒதுக்கப்படும் பதிவுகளை நாள்தோறும் ஒருவர் பார்க்க வேண்டும் என்று விதி வந்தது. மற்றக் காப்பீட்டுத் திட்டங்களிலும் தேடியபோது இதே பிழை இன்னோர் இடத்தில் அகப்பட்டது. அதனால் யாருக்கும் பாதிப்பு நேரும் முன்பே அது களையப்பட்டது. மூன்றாவது வேலைதான் கடினமாக இருந்தது. பிழை ஏன் தப்பியது என்ற கேள்விக்கு நேர்மையான விடை, எங்கள் மதிப்பீட்டுக் கூட்டம் என்பதே. அதைத் தலைமை அதிகாரியின் முன் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் பிரிவின் தலைவர் சொன்னார். நெடுநேர மௌனத்திற்குப் பின் அந்த அதிகாரி ஏற்றுக்கொண்டார். பதிவேட்டில் பெயர் இடம்பெறாது, சம்பள உயர்வுக்கு அதைத் தொடுவதில்லை, மறுஆய்வில் மேலாளர் அமர்வதில்லை என்று எழுத்தில் உத்தரவிட்டார். இளம்பெண்ணின் மதிப்பீடும் திருத்தப்பட்டது.

இதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அச்சம் நீங்கியதும் பதிவேட்டில் பிழைகள் பெருகின. கீழ் எல்லைக்கும் கீழே கிடந்த புள்ளிகள் மேலேறின. நம்பத்தக்க எண்கள் சேரப் பல மாதங்கள் ஆகும் என்பதால், நிலை மதிப்பீட்டுத் தேதியை நிறுவனம் தள்ளிவைத்தது. எதிர்பார்த்த ஒப்பந்தத்தில் ஒரு பகுதி வேறு நிறுவனத்திற்குப் போனது. பழைய எண்களையே காட்டியிருந்தால் முழு ஒப்பந்தமும் கிடைத்திருக்கலாம் என்று குறைபட்டுக்கொண்டவர்கள் இருந்தனர். அவர்கள் சொன்னதில் கணக்கு சரி. மறு ஆண்டு சான்றிதழ் கிடைத்தபோது, அந்த வரைபடத்தில் உள்ள எந்தப் புள்ளியையும் காட்டி, இது எப்படி வந்தது என்று யார் கேட்டாலும் எங்களால் விடை சொல்ல முடிந்தது.

சான்றிதழைப் பார்க்கும் பெற்றோர் இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். மதிப்பீடு நிறுவனத்தின் எந்தப் பிரிவில் நடந்ததோ அந்தப் பிரிவுக்கே அது உரியது. அதன் ஆயுள் மூன்று ஆண்டுகள். பிறகு மீண்டும் மதிப்பிட வேண்டும். சட்டமிட்டு மாட்டிய தாள் ஒரு காலத்தில் ஓரிடத்தில் இருந்த பழக்கத்திற்குச் சாட்சி. அந்தப் பழக்கம் இன்றும் இருக்கிறதா என்பது உள்ளே வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும். இப்போது நிறுவனங்களின் பணிமுறைகள் மாறியுள்ளன. இரண்டு வாரத்திற்கு ஒரு முறை மென்பொருளை வெளியிடுகிறார்கள். சோதனைகளைக் கணினியே செய்கிறது. ஆயினும், பச்சை விளக்கு எரியவேண்டும் என்பதற்காகச் சோதனையையே நீக்கிவிடும் சபலம் இன்றும் அதே இடத்தில் காத்திருக்கிறது.

ஆகவே, பணியில் சேரும் இளையோருக்கு என் வேண்டுகோள். கண்ட பிழையை அன்றே எழுதுங்கள். கேள்வி என்றாலும் எழுதுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். மதிப்பீடு நெருங்கும்போது, நடக்காத கூட்டத்திற்குக் குறிப்பு எழுதித் தரும்படியோ பழைய தேதி இடும்படியோ எவரேனும் கேட்டால், பணிவுடன் மறுத்து, இன்றைய தேதியில் உண்மையை எழுதித் தருவதாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்கு மேல் வற்புறுத்த மாட்டார்கள். வற்புறுத்தினால் தரப் பிரிவினரை நாடுங்கள். ஒரு நாள் நீங்கள் மேலாளர் ஆகும்போது, உங்களிடம் கெட்ட செய்தி கொண்டுவருபவரின் முகத்தைப் பாருங்கள். அவர் அஞ்சுகிறார் என்றால் உங்களுக்கு வரும் எண்கள் எவையும் மெய்யல்ல.

பெற்றோருக்கும் ஒரு சொல். நம் வீட்டிலும் ஒரு பதிவேடு உண்டு. பிள்ளையின் தேர்வு அட்டை. குறைந்த மதிப்பெண்ணுக்கு அடி விழும் வீட்டில், பிள்ளை பாடத்தைக் கற்கும் முன் அட்டையை ஒளிக்கக் கற்றுக்கொள்கிறான். கையெழுத்துக்காக அட்டையை நீட்டும் நாளில், எத்தனை என்று கேட்கும் முன், எந்தக் கேள்வியில் தடுமாறினாய் என்று கேட்டு அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். பிழையை அஞ்சாமல் எழுதி வைக்கும் பொறியாளர் அந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.